நாளுக்கு ஒரு பட்டியல்: கரைவெட்டி முதல் கூந்தன்குளம் வரை

ஜனவரி 17 (17ஆம் நாள்), கரைவெட்டி

காலை ஐந்தே முக்காலுக்குக் கரைவெட்டி ஏரிக்கரையில் நின்றபோது, தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குப் பனி. ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் ஏரி முழுவதும் பேச்சுச் சத்தம். "கண்ணுக்கு வேலை வரும்வரை காதால் எழுது, பாப்பா" என்றார் மாமா. நாமக்கோழியின் வறண்ட ஒற்றைக் கூவல், முக்குளிப்பானின் சிரிப்பு போன்ற நீண்ட அதிர்வு, கரையோரப் புதரில் கதிர்க்குருவி. விளக்கு வெளிச்சத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன்.

இந்த ஆண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை ஒரு நாள்கூட விடாமல் பறவைகளைப் பார்த்துப் பட்டியலிடுவதென்று நானும் என் தாய்மாமாவும் முடிவு செய்திருக்கிறோம். குறைந்தது பதினைந்து நிமிடம் பறவைகளைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அந்த நேரத்தில் கண்டவை, கேட்டவை எல்லாம் பட்டியலில் வர வேண்டும். எப்போதும் இருப்பதுதானே என்று காக்கையை விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு இனத்துக்கும் எண்ணிக்கை வேண்டும். கண்டதையும் கேட்டதையும் ஒன்றுவிடாமல் எழுதுவதைத்தான், பறவைப் பதிவுகளைச் சேகரிக்கும் இபேர்ட் இணையதளத்தில் முழுமையான பட்டியல் என்கிறார்கள். தவறவிட்ட நாளுக்கு மறுநாள் இரண்டு பட்டியல் எழுதி ஈடுகட்டக் கூடாது என்பது நாங்களே சேர்த்துக்கொண்ட விதி. முதல் பதினாறு நாட்கள் மொட்டைமாடியில் கழிந்தன. இன்றிலிருந்து ஒரு வாரம் நீர்நிலைகளைத் தேடிப் பயணம்.

ஆறரை மணிக்குப் பனி மெல்ல எழுந்தது. சுமார் 450 ஹெக்டேர் ஏரி. மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இதை நிரப்புகிறது. 2024இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பிறகு இந்தப் பெயர் வெளியூர்க்காரர்களுக்கும் பழகிவிட்டது. நீர்ப்பரப்பின் நடுவே கறுப்புத் தீவு போல ஒரு கூட்டம். பைனாகுலரில் பார்த்தால் அத்தனையும் ஊசிவால் வாத்துகள். பாதி இன்னும் தலையை முதுகுச் சிறகுக்குள் செருகியபடி தூங்கிக்கொண்டிருந்தன.

எண்ணுவதற்கு மாமா ஒரு முறை சொல்லித் தந்தார். முதலில் பத்துப் பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணு. அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்பதைக் கண்ணில் பதித்துக்கொள். அந்த அளவை வைத்து நூறு எவ்வளவு என்று பார். பிறகு கூட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நூறு நூறாக நகர்ந்து போ. முடிந்ததும் எதிர்முனையிலிருந்து ஒருமுறை. எனக்கு முதலில் 620, பிறகு 540. அவருக்கு 580. 580 என்று எழுதினோம். 'நிறைய' என்று எழுதுவதைவிட, பிழை இருக்கலாம் என்று தெரிந்தே எழுதும் 580 எவ்வளவோ மேல். பத்தாண்டு கழித்து ஒருவர் இதே கரையில் நின்று எண்ணும்போது அவருக்கு ஒப்பிட ஓர் எண் கிடைக்கும்.

நாங்கள் முக்கியமாகத் தேடி வந்தது வரித்தலை வாத்து. மங்கோலியா, திபெத் பக்கம் முட்டையிட்டு, குளிர்காலத்துக்கு இமயத்தைக் கடந்து வரும் பறவை. 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் அது பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஏரிக்கு வழக்கமாக வருகிறது. இரண்டரை மணி நேரம் கரை முழுவதும் நடந்து தேடினோம். இல்லை. முழுமையான பட்டியலில் ஒரு பெயர் இல்லாவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான். 'தேடினோம், இன்று இந்த நேரத்தில் எங்கள் கண்ணில் படவில்லை' என்று அது சொல்கிறது. ஏமாற்றத்தை இப்படிப் பயனுள்ளதாக ஆக்கிக்கொள்ள இந்தப் பதினேழு நாட்களில் பழகியிருக்கிறேன். முழுதாகப் பழகிவிட்டேன் என்று சொல்ல முடியாது.

திரும்பும்போது, புல்லுருவி படர்ந்த ஒரு மரத்தில் 'டிக், டிக்' என்று மெல்லிய கூரிய ஒலி. பூக்கொத்தி. கட்டைவிரல் அளவே உள்ள குருவி, புல்லுருவிப் பழத்துக்காக வரும். "மாமா, பூக்கொத்தி" என்றேன். அவர் நின்று காதைச் சாய்த்தார். நெடுநேரம் நின்றார். "எனக்குக் கேட்கவில்லை" என்றார்.

68 வயது. உயர்ந்த சுருதியில் வரும் ஒலிகள் அவரை விட்டுப் போய்விட்டன. முதலில் பூக்கொத்தி போனதாம், பிறகு தேன்சிட்டின் மெல்லிய குரல். எங்கள் இருவருக்கும் தனித்தனிப் பட்டியல். ஒன்றாக நின்று பார்த்தாலும் அவரவர் கண்டதும் கேட்டதும் மட்டுமே அவரவர் பட்டியலில் இருக்க வேண்டும். அவருடைய நோட்டில் பூக்கொத்தி இல்லை. "நான் சொல்கிறேனே, எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். "நீ கேட்டாய். உன் நோட்டில் எழுது" என்றார்.

என் பட்டியல் 47 இனங்கள். அவருடையது 46.

ஜனவரி 18 (18ஆம் நாள்), கோடிக்கரைக்குப் போகும் வழி

தஞ்சாவூர், திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் என்று பஸ் மாறி மாறி வந்தோம். ஜன்னலோரத்தில் கண்டவற்றை எழுதவில்லை. ஓடும் பஸ்ஸிலிருந்து பார்க்கும்போது பெரிய பறவைகள் மட்டுமே தெரியும், புதரில் இருப்பவை தெரியாது. அது முழுமையான பட்டியல் ஆகாது. வயல்களில் மடையானும் உண்ணிக்கொக்கும் நின்றன என்று இங்கே சொல்லிக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

மாலை ஐந்தே காலுக்குக் கோடிக்கரை. பையை அறையில் போட்டுவிட்டுக் காட்டு விளிம்புக்கு ஓடினோம். இங்குள்ள காடு உயரமானது இல்லை. கடற்காற்றும் வறட்சியும் சேர்ந்து பாலை மரங்களைக் குட்டையாக, நெருக்கமாக வளர்த்திருக்கின்றன. 1967இல் வெளிமான்களுக்காகச் சரணாலயம் ஆன இடம். புல்வெளியில் முறுக்குக் கொம்போடு ஒரு கலைமான் எங்களைப் பார்த்தது, பிறகு பார்ப்பதை நிறுத்திக்கொண்டது.

ஆறு மணிக்குச் சற்று முன்பாக மாமா என் முழங்கையைப் பிடித்தார். நான் எதையும் கேட்கவில்லை. "இடப்பக்கம், தரையோரம்." மூச்சை அடக்கி நின்ற பிறகுதான் என் காதில் விழுந்தது: இரண்டு சுரத்தில் தெளிவான ஒரு சீழ்க்கை. இடைவெளி. மறுபடியும் அதே சீழ்க்கை. தூரத்திலிருந்து இன்னொன்று பதில் சொன்னது.

ஆறுமணிக்குருவி. காலையும் மாலையும் ஏறத்தாழ ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் நம் மக்கள் வைத்த பெயர். எத்தனை மொழியில் தேடினாலும் இதைவிடப் பொருத்தமான பெயர் இந்தப் பறவைக்குக் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. முதுகு பச்சை, தோளில் நீலம், வால் அடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை. இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்தில் தெற்கே வந்து, சருகைப் புரட்டிப் புழு தேடித் தரையிலேயே வாழும். அவ்வளவு நிறமும் நிழலில் கரைந்துவிடும். இன்றும் எங்களால் பார்க்க முடியவில்லை. குரல் மட்டும் இரண்டு. இருவர் நோட்டிலும் எழுதினோம்: ஆறுமணிக்குருவி 2, கேட்டது.

இந்தச் சீழ்க்கை தாழ்ந்த சுருதி. இது அவருக்கு என்னைவிட முன்னதாகக் கேட்கிறது. நேற்றுக் காலையிலிருந்து என் மனத்தில் இருந்த கனம் கொஞ்சம் இறங்கியது.

ஜனவரி 19 (19ஆம் நாள்), உப்பளம்

இன்றைய பதிவு நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அனுமதி பெற்று, விடிவதற்கு முன்பே உப்பளப் பக்கம் போய்விட்டோம். வேதாரண்யத்துச் சதுப்பும் உப்பளங்களும் இங்கே ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன. ஒவ்வொரு பாத்தியிலும் நீரின் ஆழம் வேறு, உப்பின் அளவு வேறு. அதனால் ஒவ்வொரு பாத்தியிலும் வேறு வேறு பறவைகள். ஆழமானதில் பூநாரை. முழங்கால் அளவு நீரில் பவளக்காலி. விரல் நனையும் அளவு நீரில் உப்புக்கொத்திகளும் உள்ளான்களும். யார் எங்கே நிற்கலாம் என்பதைக் கால்களின் நீளம் தீர்மானிக்கிறது.

பூநாரைகளைப் பற்றி எல்லாரும் நிறத்தையே சொல்வார்கள். இன்று என்னைப் பிடித்து நிறுத்தியது அவற்றின் சத்தம். வாத்துக் கூட்டம் போல, தாழ்ந்த குரலில், நிற்காமல் ஒரு முணுமுணுப்பு. அலகைத் தலைகீழாக நீருக்குள் வைத்து, நாக்கால் நீரை உள்ளிழுத்து வெளியே தள்ளி, அலகோரச் சல்லடையில் சிக்கும் நுண்ணுயிர்களைத் தின்கின்றன. அந்த இரையில் உள்ள நிறமிகள்தாம் சிறகுக்குச் சிவப்பு ஏற்றுகின்றன. இளம் பறவைகள் சாம்பல் நிறத்தில் இருந்தன. முன்னே நகரும்போது கூட்டம் முழுவதும் ஒரே பக்கம் திரும்பி நடக்கிறது, கரையில் ஏதோ அசைந்தால் ஒரே சமயத்தில் நின்றுவிடுகிறது. நூறு நூறாக எண்ணி 1,140 என்று எழுதினோம். இளம் பறவைகளைத் தனியாக எண்ண முயன்றேன். 85 வரை போய் வரிசை குழம்பிவிட்டது, விட்டுவிட்டேன்.

மாலை ஐந்தரைக்குத்தான் அது நடந்தது.

ஒரு சேற்றுத் திட்டில் கொசு உள்ளான்கள், நூற்றைம்பது இருக்கும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 25 கிராம். வட துருவத்தை ஒட்டிய மரமில்லாச் சமவெளியில் பிறந்து இவ்வளவு தூரம் வந்தவை. தையல் இயந்திரத்தின் ஊசி போல ஓயாமல் சேற்றைக் குத்திக்கொண்டிருந்தன. டெலஸ்கோப்பில் ஒவ்வொன்றாகக் கடந்துகொண்டே வந்தேன். இடது ஓரத்தில் ஒன்று வேறு விதமாகத் தெரிந்தது. அது குத்தவில்லை, அலகைப் பக்கவாட்டில் அசைத்தது. தலையை உயர்த்தியபோது அலகின் நுனி அகன்று தெரிந்தது.

எனக்கு உடம்பு சில்லிட்டது. கரண்டிமூக்கு உள்ளான். ரஷ்யாவின் வடகிழக்கு ஓரத்தில் மட்டும் முட்டையிடும் பறவை. உலகம் முழுவதும் சில நூறுதான் எஞ்சியிருக்கின்றன. முற்றாக அழியும் விளிம்பில் நிற்கும் இனம். முற்காலத்தில் இதே கோடிக்கரையில் பதிவாகியிருக்கிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளின் காலில் அடையாள வளையமிட்டுவரும் இந்த ஊரில் அந்தப் பெயர் இன்னும் ஒரு நம்பிக்கை போலப் பேசப்படுகிறது.

"மாமா, பாருங்கள்" என்று விலகினேன். அவர் குனிந்து கண்ணை வைப்பதற்குள் தலைக்கு மேலே ஒரு பருந்து. கூட்டம் முழுவதும் ஒரே உடலாக எழும்பி, வெள்ளையும் பழுப்புமாகத் திரும்பித் திரும்பி, இரண்டு பாத்தி தள்ளி இறங்கியது. தேடினோம். வெளிச்சம் போய்விட்டது.

நோட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அலகு அகன்றிருந்ததா?"

"இருந்தது."

"பார்த்தாயா, பார்த்ததாக நினைத்தாயா?"

கோபம் வந்தது. பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை எனக்குள் திரும்பக் கேட்டபோது, எத்தனை விநாடி பார்த்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. மூன்றா, நான்கா? வெளிச்சம் எதிரே இருந்தது. பட்டியலில் எழுதினால், அரிய இனம் என்பதால் இபேர்ட் தளத்தின் தன்னார்வப் பரிசீலகர் விவரம் கேட்பார். அவரிடம் சொல்ல என்னிடம் இருப்பது நான்கு விநாடியும் என் ஆசையும்.

'சிறு உள்ளான், இனம் உறுதியில்லை: 1' என்று எழுதினேன். இந்த ஆண்டில் நான் எழுதிய வரிகளில் இதற்குத்தான் அதிக நேரம் ஆனது.

ஜனவரி 20 (20ஆம் நாள்), மீண்டும் அதே பாத்தி

தூங்கவில்லை. ஐந்தரைக்கே போய் நின்றோம். வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி இடத்தை மாற்றிக்கொண்டோம். நேற்றே செய்திருக்க வேண்டியது.

கொசு உள்ளான்கள் 210. வளைமூக்கு உள்ளான்கள் 64. உப்புக்கொத்திகள் 90க்கு மேல். ஒவ்வொரு அலகாகப் பார்த்தோம். நான் பார்த்து முடித்த வரிசையை அவர் மறுபடியும் பார்த்தார். ஒன்பது மணிவாக்கில் ஒரு கொசு உள்ளான் ஈரச் சேற்றிலிருந்து தலையை உயர்த்தியது. அதன் அலகு நுனியில் ஒரு சேற்று உருண்டை ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் பார்க்க அகன்றுதான் தெரிந்தது. சேற்றை உதறத் தலையை இப்படியும் அப்படியும் அசைத்தது. இரண்டே நொடியில் உருண்டை விழுந்தது, அலகு ஊசியாகிவிட்டது.

இருவரும் ஒன்றும் பேசவில்லை.

நேற்றுப் பார்த்ததும் இதுதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. அது இல்லை என்றும் முடியாது. அந்த வரி அப்படியே இருக்கட்டும். உள்ளான்களைப் பார்க்கப் போகிறவர்கள் இந்தச் சேற்று உருண்டையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

மாலையில் காட்டு விளிம்பில் மீண்டும் நின்றோம். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சீழ்க்கை. இன்று மூன்று.

ஜனவரி 21 (21ஆம் நாள்), எங்கோ கிழக்குக் கடற்கரைச் சாலையில்

கிட்டத்தட்ட இன்று தொடர் அறுந்துவிட்டது. ராமேஸ்வரத்துக்கு மதியமே போய்ச் சேர்ந்துவிடலாம், அங்கே சாவகாசமாகப் பட்டியல் எழுதலாம் என்று நினைத்தோம். பஸ் பழுதாகி நடுவழியில் நின்றது. மாற்று வண்டிக்குக் காத்திருந்ததில் மாலை ஐந்து. "விதி விதிதான்" என்று மாமா சாலையோர மைல்கல்லில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

பதினெட்டு நிமிடம். காக்கை 11. மைனா 6. இரட்டைவால் குருவி 3. பஞ்சுருட்டான் 5. ஆள்காட்டி 2. மின்கம்பியில் பனங்காடை 1.

அவ்வளவுதான் பட்டியல். ஆனால் அந்தப் பனங்காடையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். உட்கார்ந்திருக்கும்போது மங்கலான பழுப்பு. தரையில் எதையோ கண்டு பாய்ந்தபோது சிறகு இரண்டு நீலங்களாக விரிந்தது. மாமாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நடந்து ஓராண்டு ஆகிறது. அதற்குப் பிறகு நீலம் மட்டும் புதிதாகத் துலக்கியது போலத் தெரிகிறதாம். "இந்த நீலத்தை இருபது வருடமாக நான் பார்த்திருக்கவில்லை, பாப்பா" என்றார்.

முன்பெல்லாம் கம்பிக்குக் கம்பி பனங்காடை இருக்கும் என்று அவர் வயதினர் எல்லாரும் சொல்வார்கள். வயதானவர்களின் ஏக்கம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, 30,000 பறவை ஆர்வலர்களின் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. அதன்படி பனங்காடை சுமார் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருக்கிறது. இந்தக் கணக்கு சரணாலயங்களில் எடுத்த படங்களிலிருந்து வந்திருக்க முடியாது. யாரோ ஒருவர் பஸ் நின்ற இடத்தில், வயல் வரப்பில், மாடியில் நின்று, காக்கையையும் சேர்த்து எண்ணி எழுதிய பட்டியல்களிலிருந்து வந்தது. ஆறு இனங்கள் கொண்ட எங்கள் இன்றைய பட்டியலும் அந்தக் குவியலில் போய்ச் சேரும். இந்தச் சவாலை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பவர்களுக்கு இனி இன்றைய நாளைத்தான் சொல்வேன்.

ஜனவரி 22 (22ஆம் நாள்), தனுஷ்கோடி

காற்று. டெலஸ்கோப் நடுங்கிக்கொண்டே இருந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த ஊரின் சுவர்களைத் தாண்டி அரிச்சல்முனை வரை போனோம்.

பழுப்புத்தலைக் கடற்காகங்கள் 300 அளவில். பெயரில்தான் பழுப்புத்தலை, இப்போது குளிர்கால இறகில் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு மட்டும். நடு ஆசியப் பீடபூமி ஏரிகளில் கூடு கட்டும் காலம் வந்தால்தான் பழுப்புத் தலை வரும். மார்ச்சில் கிளம்பும் முன் சிலவற்றில் தொடங்கிவிடும் என்று மாமா சொன்னார். கொண்டை ஆலாக்கள் காற்றுக்கு எதிராக மணலில் வரிசையாகப் படுத்திருந்தன. தூரத்து ஆலாக்கள் சிலவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. 'ஆலா, இனம் தெரியவில்லை: 40' என்று எழுதினேன். இன்று அதை எழுதக் கை தயங்கவில்லை.

மதியமே திருநெல்வேலிக்குக் கிளம்பிவிட்டோம்.

ஜனவரி 23 (23ஆம் நாள்), கூந்தன்குளம்

ஊருக்குள் நுழையும்போதே தெரிந்துவிடுகிறது. தெருவோர மரங்களின் இலைகளில் வெள்ளைத் தெறிப்பு. அலகுகளை ஒன்றோடொன்று தட்டும் சத்தம். வீட்டுக் கொல்லையில், கூரைக்கு மேலே, மனிதர் கைக்கு எட்டும் தூரத்துக்குச் சற்று மேலே, மஞ்சள்மூக்கு நாரைகளின் கூடுகள். சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1994இல். ஊர் அதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே இவற்றோடு வாழ்கிறது. எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது.

ஒரு கருவேல மரத்தடியில் நின்று கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தோம். பதினொன்று. வாசலில் உட்கார்ந்திருந்த மூதாட்டி நாங்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை எழுதியிருக்கிறீர்கள், ஐயா?" என்று மாமாவைக் கேட்டார்.

"பதினொரு கூடு, அம்மா."

"பதின்மூன்று. கிணற்றுப் பக்கம் வந்து பாருங்கள்."

மாமா உடனே பதினொன்றை அழிக்கவில்லை. கொல்லையைச் சுற்றிக் கிணற்றுப் பக்கம் போனோம். அந்தப் பக்கக் கிளையில், இலை மறைவில், இரண்டு கூடுகள். ஒன்றில் தாய்ப்பறவை எழுந்து நின்று, முட்டையைப் புரட்டிவிட்டு மறுபடியும் அமர்ந்தது. அதன் பிறகே அவர் பதினொன்றை அழித்துப் பதின்மூன்று என்று எழுதி, நோட்டை மூதாட்டியிடம் காட்டினார்.

"இந்த வருடம் குளம் நிறையத் தாமதம். அதனால் இவையும் தாமதம்" என்றார் அவர். "போன வருடம் இந்நேரம் குஞ்சு கத்திக்கொண்டிருக்கும், தாயி" என்று என்னிடம் சொன்னார். கூட்டிலிருந்து தவறி விழும் குஞ்சை எடுத்துக் காப்பாற்றுவது பற்றி, மழைக்காற்றில் ஒரே இரவில் எத்தனை விழும் என்பது பற்றி அரைமணி நேரம் பேசினார். பைனாகுலர் அவர் கையில் இருந்ததே இல்லை. நாங்கள் இரண்டு மணி நேரத்தில் பார்த்ததைவிட அவர் வாசலில் உட்கார்ந்து பார்த்தது எத்தனையோ மடங்கு. அவர் சொன்ன தாமதத்தை எங்கள் பட்டியலின் குறிப்புப் பகுதியில் அப்படியே எழுதியிருக்கிறேன், ஊர்க்காரர் சொன்னது என்று குறிப்பிட்டு.

பிறகு குளம். கூழைக்கடாக்கள் வரிசையாக, ஒன்று தலையைத் தாழ்த்தினால் எல்லாம் தாழ்த்தி மீனை வளைத்தன. கரண்டிவாயன்கள், அரிவாள் மூக்கன்கள், பாம்புத்தாராக்கள். அக்கரைப் புல்வெளியில் சாம்பல் நிறத்தில் ஒரு கூட்டம் மேய்ந்துகொண்டிருந்தது. மாமா டெலஸ்கோப்பைத் திருப்பினார். கண்ணை எடுக்கவே இல்லை.

"வா."

வெள்ளைத் தலை. பின்தலையில் குறுக்காக இரண்டு கறுப்புக் கோடுகள். வரித்தலை வாத்து. ஒன்று கழுத்தை நீட்டிக் காவல் நின்றது, மற்றவை மேய்ந்தன. கரைவெட்டியில் இல்லாமல்போன பறவை. இமயத்தைத் தாண்டி வந்த சிறகுகள், திருநெல்வேலிச் சீமையின் வெயிலில் மடங்கிக் கிடந்தன. தனித்தனியாக, நிதானமாக, மூன்று முறை எண்ணினோம். 38. மூன்று முறையும் இருவருக்கும் 38.

ஜனவரி 24 (24ஆம் நாள்), திருநெல்வேலி ரயில் நிலையம்

ரயில் வர நாற்பது நிமிடம் இருந்தது. பிளாட்பாரக் கோடியில், கூரை முடியும் இடத்தில் ஒரு மரம். அதன் அடியில் நின்று இன்றைய பட்டியலைத் தொடங்கினோம். காக்கை 14, மாடப்புறா 30, மைனா 4, அண்டங்காக்கை 1, கரும்பருந்து 2.

பன்னிரண்டாவது நிமிடத்தில் தலைக்கு மேலே 'டிக், டிக்' என்று கேட்டது. என் நோட்டில் 'பூக்கொத்தி' என்று எழுதினேன். மாமாவிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை. அவர் என் பென்சில் அசைவதைக் கவனித்துவிட்டார்.

"என்ன?"

"பூக்கொத்தி, மாமா. மேலே புல்லுருவியில்."

அவர் காதைச் சாய்க்கவில்லை. பைனாகுலரைக் கண்ணில் வைத்து, புல்லுருவிக் கொத்துகளை ஒவ்வொன்றாக, கிளைக்குக் கிளை பார்த்துக்கொண்டே வந்தார். ரயில் வருவதாக அறிவிப்புக் கேட்டது. பைகளைத் தூக்கிக்கொண்டேன். அவர் நகரவில்லை. இலைக்கொத்து ஒன்று லேசாக அசைந்தது. பழுப்பாகச் சின்னஞ்சிறு குருவி ஒன்று வெளியே வந்து, பழத்தைப் பிதுக்கித் தின்று, அலகில் ஒட்டிய பிசுபிசுப்பைக் கிளையில் தேய்த்துத் துடைத்தது.

பைனாகுலரைக் கீழே இறக்கி, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, என்ஜின் சத்தத்தில் நின்றபடியே எழுதினார். பெட்டியில் ஏறிய பிறகு வாங்கிப் பார்த்தேன்.

'பூக்கொத்தி 1. பார்த்தது.'